பி-இ-டி என்றால் பாதம்தானா?

வணக்கம் ஐயா,

ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்து அலுத்துவிட்டது. இப்போது ஒரே எழுத்துகள் வரும் சொற்களைச் சேர்த்து எழுதிப் படிக்கிறேன். பி-இ-டி (ped) என்றால் பாதம் என்று ஒரு பட்டியலில் பார்த்தேன். அகராதியைப் புரட்டி அந்த மூன்று எழுத்தும் வரும் 40 சொற்களை எடுத்தேன். பாதி சொற்களுக்குப் பாதத்தை எப்படியோ பொருத்திவிட்டேன். எலும்பு மருத்துவமான ஆர்த்தோபீடிக்ஸ் என்றால் நேரான பாதம், இப்படி. மீதி பிடிபடவில்லை. ஜி-எல் என்று தொடங்கினால் ஒளி என்கிறார்களே, அது உண்மையா? ஒரு நாளைக்கு எத்தனை சொல் படிக்கலாம்? வயது 50-ஐத் தாண்டிவிட்டது. இனிமேல் மனதில் நிற்குமா?

எம்.

அன்புள்ள எம்.,

நிற்கும். அகராதியைப் புரட்டி 40 சொல் எடுத்து எழுதுகிறவர் வயதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நாளைக்கு எத்தனை என்ற கணக்கையும் விட்டுவிடுங்கள்.

ஜி-எல் விஷயம் சின்னது. கிளிட்டர், கிளீம், கிளோ, கிளிண்ட் எல்லாம் ஒளியைச் சுற்றியே வருகின்றன. இப்படிப்பட்ட ஒலிக்கூட்டத்துக்கு 1930-ல் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் ஃபோனஸ்தீம் என்று பெயர் வைத்தார். ஆனால் கையுறையான கிளவ்விலும் பசையான குளூவிலும் ஒளி எங்கே இருக்கிறது? தெரிந்த சொல்லை நினைவில் வைக்க அது உதவும். தெரியாத சொல்லுக்குப் பொருள் சொல்ல அதை நம்பாதீர்கள்.

'எப்படியோ பொருத்திவிட்டேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்தவர் தப்பாகச் சொன்னதை மறந்துவிடலாம். நாமே யோசித்துக் கட்டிய தப்பான பொருள் லேசில் போகாது. கால்சட்டையில் கால் இருக்கிறது, காலியில் இல்லை, காலத்தில் இல்லை. தமிழில் இதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆங்கிலத்துக்கு வந்ததும் அந்த நிதானம் எங்கே போயிற்று?

முதலில் களை எடுங்கள். ஹெல்ப்ட், ஜம்ப்ட், டெவலப்ட் போன்றவற்றில் பி வினையோடு சேர்ந்தது, இ-டி இறந்தகால விகுதி. இவை உங்கள் பட்டியலில் இருக்கவே கூடாது.

மீதியில் ஒரு கூட்டம் லத்தீன் பாதம். பெடல், பெடிக்யூர், நடந்து போகிறவரான பெடஸ்ட்ரியன், நூறு கால் என்று பொருள்படும் சென்டிபீட். மொபெட்டிலும் அதே பாதம் உண்டு: மோட்டாரின் மோவையும் பெடலின் பெட்டையும் சேர்த்து 1952-ல் ஸ்வீடனில் உண்டாக்கிய சொல் அது. இம்பீட் என்றால் தடுப்பது. இம் என்பது உள்ளே. பாதத்தைத் தளைக்குள் மாட்டுவது. எக்ஸ்பெடைட் அதற்கு நேர் எதிர். எக்ஸ் என்பது வெளியே. தளையிலிருந்து பாதத்தை விடுவித்தால் வேலை வேகமாக நடக்கும். மின்சாரத்தின் ஓட்டத்தைத் தடுப்பதற்கு 1886-ல் மின்னியல் அறிஞர் ஆலிவர் ஹெவிசைட் வைத்த இம்பீடன்ஸ் என்ற பெயரும் இந்த இம்பீடிலிருந்து வந்ததுதான்.

அடுத்த கூட்டம் கிரேக்கக் குழந்தை. பீடியாட்ரிக்ஸ் குழந்தை மருத்துவம். பெடகாக் என்றால் முதலில் பையனைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் அடிமை, பிறகு ஆசிரியர். என்சைக்ளோபீடியாவின் பீடியாவும் பிள்ளைகளுக்குத் தரும் கல்விதான்.

உங்கள் ஆர்த்தோபீடிக்ஸும் இங்கேதான் வரும். 1741-ல் நிக்கோலா ஆந்த்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர், குழந்தைகளின் உடல் கோணலைத் தடுப்பதையும் திருத்துவதையும் பற்றி ஒரு நூல் எழுதினார். நேர் என்பதற்கு ஆர்த்தோஸ், குழந்தைக்கு பைடியோன். இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதற்குப் பெயர் வைத்தார். கோணலாக வளர்ந்த மரத்தைக் கம்போடு கட்டி நிமிர்த்துவதுபோல அந்த நூலில் ஒரு படம் இருக்கிறது. எலும்பு மருத்துவர்கள் இன்றும் அந்த மரத்தைச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தபின் 'நேரான பாதம்' என்று எழுத உங்களுக்குக் கை வராது.

இந்த இரண்டு கூட்டமும் கலந்துபோனதற்குக் காரணம் எழுத்துக்கூட்டல். பிரிட்டிஷ் வழக்கில் குழந்தை மருத்துவத்தை பி-ஏ-இ-டி என்று எழுதுவார்கள். அமெரிக்க வழக்கில் ஏ விழுந்துவிட்டது. அதனால் சந்தேகம் வந்தால் பிரிட்டிஷ் வடிவத்தைப் பாருங்கள். ஏ இருந்தால் பாதம் இல்லை. ஏ இல்லை என்பதற்காகப் பாதம் என்று முடிவு கட்டவும் முடியாது. பெடகாக் இரண்டு வழக்கிலும் ஏ இல்லாமலே இருக்கிறது.

இன்னும் உண்டு. மண்ணியலுக்குப் பெயர் பெடாலஜி. அது நிலத்தைக் குறிக்கும் வேறொரு கிரேக்கச் சொல். பேன் தொல்லைக்கு மருத்துவப் பெயர் பெடிக்யுலோசிஸ். அது பேனைக் குறிக்கும் லத்தீன் சொல்.

ஆகவே மூன்று எழுத்தைக் கண்டதும் நிற்காதீர்கள், மிச்சத்தைப் பாருங்கள். மிஞ்சும் துண்டு வேறு சொல்லிலும் அதே வேலையைச் செய்கிறதா? பெடிக்யூரில் மிஞ்சும் க்யூர், கையைப் பராமரிக்கும் மானிக்யூரிலும் அதையேதான் செய்கிறது. டார்பீடோவில் பி-இ-டியை எடுத்தால் முன்னால் மிஞ்சும் டி-ஓ-ஆருக்கு ஒரு வேலையும் இல்லை. வெட்டிய இடம் தப்பு. டி-ஓ-ஆர்-பி என்று வெட்டுங்கள், மந்தம் என்ற பொருளுள்ள டார்பிட் பக்கத்தில் வந்து நிற்கும். தொட்டவரை மரத்துப்போகச் செய்யும் மின்திருக்கை மீனுக்கு இட்ட பெயர், பிறகு கப்பலைத் தகர்க்கும் ஆயுதத்துக்கு வந்தது.

இந்தச் சோதனைக்குப் பிடிபடாததும் உண்டு. வம்சாவளியைக் குறிக்கும் பெடிக்ரீயில் மிஞ்சுவது துண்டாகத் தெரியாது, ஆனால் பாதம் இருக்கிறது. பழைய பிரெஞ்சில் கொக்கின் பாதம். வம்சப் பட்டியலில் போடும் மூன்று கோட்டுக் குறி அப்படி இருந்ததால் வந்த பெயர்.

இதற்கெல்லாம் சொற்பிறப்பு வரி உள்ள அகராதி வேண்டும். சிறிய பதிப்புகளில் அந்த வரி இருக்காது. பல அகராதிகளில் அது பகர அடைப்புக்குறிக்குள் இருக்கும். எல் என்றால் லத்தீன், ஜி-கே என்றால் கிரேக்கம்.

நோட்டில் பாதம், குழந்தை, மண், பேன், சேராதவை என்று ஐந்து பத்தி போடுங்கள். 40 சொல்லையும் திரும்ப எழுதுங்கள், ஆர்த்தோபீடிக்ஸை முதலில். கூட்டம் மிரண்டு ஓடுவதைச் சொல்லும் ஸ்டாம்பீடைப் பார்த்தால் கை தானாகப் பாதத்துக்குப் போகும். அது ஸ்பானிய மொழியிலிருந்து வந்தது. அகராதியைப் பார்த்துவிட்டு, எந்தப் பத்தியில் போட்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.