'டெர்' ஏன் 'டெம்' ஆகிறது?

கேள்வி: ஜெர்மன் மொழியில் ஏ2 (இரண்டாம் நிலை) படிக்கிறேன். தமிழில் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. ஜெர்மனிலோ பெயர் பெரும்பாலும் அப்படியே நிற்க, முன்னால் உள்ள 'டெர்' (ஆங்கில 'தி' போன்ற சொல்) மட்டும் டென் (ஐ), டெம் (கு), டெஸ் (உடைய) என்று மாறுகிறது. இந்தத் தலைகீழ் ஏற்பாட்டை யார் செய்தார்கள்?

பதில்: யாரும் செய்யவில்லை. அங்கேயும் முன்பு பெயரின் ஈறுதான் மாறியது. 9ஆம் நூற்றாண்டு ஜெர்மனில் 'டாக்' என்றால் நாள். நாளுடைய என்பதற்கு டாகெஸ், நாளுக்கு டாகெ, நாளால் டாகு. பன்மையில் நாள்கள் டாகா, நாள்களுடைய டாகோ, நாள்களுக்கு டாகும். 'டெர்' அப்போது பெரும்பாலும் 'அந்த' என்று சுட்டுகிற சொல்தான். தேவைப்பட்டால் வரும், இல்லாவிட்டால் இல்லை.

காரணம் உச்சரிப்பின் அழுத்தத்தில் இருந்தது. ஜெர்மானிய மொழிகளில் மிகப் பழங்காலத்திலேயே சொல்லின் முதல் அசைக்கு அழுத்தம் நிலைத்துவிட்டது. தலையை ஓங்கிச் சொல்லி ஈற்றை முனகினால் என்ன ஆகும்? 12ஆம் நூற்றாண்டுக்குள் டாகாவும் டாகோவும் 'டாகெ' ஆகிவிட்டன. 'நாளுக்கு' என்பதும் ஏற்கெனவே அதே டாகெதான். எந்த டாகெ என்று காட்ட, வேற்றுமைக்கேற்ப மாறிப் பழகிய அந்தச் சுட்டுச்சொல் கைகொடுத்தது. காலப்போக்கில் கட்டாயமும் ஆனது. ஈறு தேய்ந்ததால் சுட்டு வந்ததா, சுட்டு வந்த தைரியத்தில் ஈறு தேய்ந்ததா? ஒன்றை ஒன்று தள்ளிவிட்டன என்பேன்.

அழுத்தத்தின் மேலேயே எல்லாப் பழியையும் போடவும் முடியாது. ஐஸ்லாந்து மொழியிலும் முதல் அசையில்தான் அழுத்தம். அங்கே பெயர்கள் இன்றும் நான்கு வேற்றுமைக்கு உருமாறுகின்றன. ஆங்கிலத்தில் சுட்டும் சேர்ந்து மழுங்கி ஒரே 'தி' ஆனது. யார் செய்தது, யாருக்குச் செய்தது என்பதைச் சொற்களின் வரிசை பார்த்துக்கொள்கிறது. ஜெர்மன் இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். 'டெர் குட்டெ வைன்' (நல்ல ஒயின்) என்பதில் டெர்ரை எடுத்துவிட்டால் 'குட்டர் வைன்' ஆகிறது. டெர் விட்டுப்போன அடையாளத்தை அடைச்சொல் சுமக்கிறது. அட்டவணையை மட்டும் கொடுத்து இதைச் சொல்லாமல் விடும் பாடநூல்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

கேள்வி: 'மிட்' (உடன்), 'ஃபொன்' (இருந்து), 'இன்' (இல்) என்று பொருத்தமே இல்லாத சொற்களெல்லாம் டாட்டிவ் (கொடை வேற்றுமை, நம் 'கு') கேட்பது ஏன்?

பதில்: டாட்டிவ் ஒரு கூட்டுக்குடும்பம். ஜெர்மனுக்கும் சமஸ்கிருதத்துக்கும் மூதாதையான மூல இந்தோ-ஐரோப்பிய மொழியில் எட்டு வேற்றுமைகள். சமஸ்கிருதம் அவற்றைக் காப்பாற்றி வைத்தது. ஜெர்மனில் கருவி, நீங்கல், இடம் மூன்றும் கொடைப்பொருளோடு ஒரே உருவத்தில் கலந்துவிட்டன. மேலே பார்த்த 'டாகு' கருவி வேற்றுமையின் கடைசி மூச்சு. ஆகவே 'மிட்' பழைய கருவியின் வாரிசு, 'ஃபொன்' நீங்கலின் வாரிசு. 'இன் டெர் ஷ்டாட்' (ஷ்டாட் பெண்பால், அதற்கு 'டீ'தான் டாட்டிவில் 'டெர்' ஆகும்) என்று நகரத்தில் இருப்பதைச் சொல்லும்போது பழைய இடவேற்றுமை பேசுகிறது. நகரத்துக்குள் போனால் 'இன் டீ ஷ்டாட்'. போகும் திசை அக்குஸாட்டிவின் (நம் 'ஐ' வேற்றுமை) பழைய வேலை. 'ட்ஸு ஹவுஸெ' (வீட்டில்) என்பதன் கடைசி 'எ' கூட ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய டாட்டிவ் ஈறுதான்.

கேள்வி: புத்தகத்தில் 'வேகன் டெஸ் ரேகன்ஸ்' (மழையால்). உடன் வேலை பார்க்கும் ஜெர்மானியர் 'வேகன் டெம் ரேகன்' என்கிறார். கெனிட்டிவ் ('உடைய' வேற்றுமை) செத்துவிட்டதா?

பதில்: பெரும்பாலான வட்டார வழக்குகளில் எப்போதோ போய்விட்டது. அப்பாவின் வீட்டை 'டெம் ஃபாட்டர் ஸைன் ஹவுஸ்', அதாவது 'அப்பாவுக்கு அவருடைய வீடு' என்கிறார்கள். எழுத்தில் கெனிட்டிவ் நன்றாகவே இருக்கிறது. தேர்வில் 'டெஸ்' எழுதுங்கள். அவரைத் திருத்தப் போகாதீர்கள்.