ஆலை மூடிய பிறகு

அன்புள்ள சார்,

எங்கள் ஊர் ஆற்காட்டுக்குப் பக்கம். ரசாயன ஆலை ஒன்று வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. கருத்துக்கேட்புக் கூட்டமும் நடக்குமாம். "பாரி கம்பெனி நூறு வருஷமா இருக்கு, ராணிப்பேட்டை அழிஞ்சா போச்சு? நாலு பேருக்கு வேலை கிடைக்கட்டும்" என்கிறார் பெரியப்பா. எனக்குப் பயமாக இருக்கிறது. பதில் சொல்லத்தான் தெரியவில்லை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெரியப்பா சொல்லும் சரித்திரம் சரிதான். பாரி கம்பெனி ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் உரம் தயாரிக்கத் தொடங்கியது 1906இல். எத்தனையோ குடும்பங்கள் அதனால் தலையெடுத்தன. ஆனால் அதே ஊர் சிப்காட் தொழிற்பேட்டையில் இருந்த குரோமேட் கம்பெனியை அவர் ஏன் விட்டுவிட்டார்?

தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ். எழுபதுகளின் நடுவில் தொடங்கி, 1995இல் மூடினார்கள். குரோமியத் தாதுவைச் சோடா உப்போடு சேர்த்துச் சூளையில் வறுத்து, தண்ணீர் விட்டுக் கரைத்தெடுப்பது இந்தத் தொழில். தோல் ஷாப்புகளில் பதனிடப் பயன்படும் குரோம் உப்புக்கு மூலச்சரக்கு இதுதான். மிஞ்சிய சக்கையை வளாகத்திலேயே குவித்தார்கள், 1.5 லட்சம் டன்னுக்கு மேல். அதில் தங்கியிருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது, தண்ணீரில் எளிதாகக் கரைவதும்கூட. ஐப்பசி அடைமழையில் குவியலடியில் கசிந்து ஓடும் தண்ணீர் மஞ்சள் நீராட்டுக்குக் கரைத்து வைத்தது போலிருக்கும். அது இறங்குவது நம் நிலத்தடி நீரில்.

அந்த ஆலை சம்பளம் கொடுத்தது சுமார் இருபது வருஷம். குவியல் அதைவிட அதிக காலம் கிடந்தது.

மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, நம் மாவட்டத்துத் தோல் தொழிற்சாலைகள் மீது வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில்தான். நடக்கிற ஆலையிடம் வசூலிக்கலாம். கடையைக் கட்டிக்கொண்டு போனவரிடம்?

சுத்திகரிப்பு நிலையம் கட்டுவோம் என்று கூட்டத்தில் நிச்சயம் சொல்வார்கள். 2015 ஜனவரி கடைசி நாளில் ராணிப்பேட்டை சிப்காட்டில் உடைந்தது சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிதான். பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் அந்தச் சேற்றில் செத்தார்கள்.

வேலை வேண்டாம் என்று மட்டும் பெரியப்பாவிடம் வாதாடாதீர்கள். தோற்பீர்கள், தோற்கவும் வேண்டும். கழிவு ஒரு நாளைக்கு எவ்வளவு, எங்கே போகும், ஆலை மூடினால் அதை அள்ளுவதற்கான பணம் இப்போதே யாரிடம் கட்டப்படும் என்று கேளுங்கள். அவரையும் கேட்கச் சொல்லுங்கள். பெரியவர் எழுந்து நின்று கேட்டால் அதிகாரிகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சில தொழிற்பேட்டைகளுக்குள் வரும் ஆலைகளுக்குக் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு உண்டு. எனவே இடம் எது என்பதை முதலில் விசாரியுங்கள். கூட்டம் நடந்தால், சுற்றுச்சூழல் அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை முன்கூட்டியே வாங்கிப் படித்துவிடுங்கள். முடிவில் கூட்டக் குறிப்பைத் தமிழில் விளக்கி வாசிக்க வேண்டும் என்பது விதி. டீ, பிஸ்கட் வந்ததும் பாதிக் கூட்டம் கலைந்துவிடும், நீங்கள் உட்கார்ந்திருங்கள். உங்கள் கேள்வி குறிப்பில் விடுபட்டிருந்தால் அங்கேயே சொல்லி எழுத வையுங்கள்.