கப்பலிலிருந்து எடுத்த படம் ஏன் வெளிறிப்போகிறது?

கேள்வி: ஜூன் மாதம் நானும் மனைவியும் 7 நாள் அலாஸ்கா கப்பல் பயணம் போகிறோம். பனியாறுகள் இறங்கும் ‘கிளேசியர் பே’ என்ற குடாவும் அதில் உண்டு. கையில் ஒரு மிரர்லெஸ் கேமரா, 24-105 மி.மீ., 100-400 மி.மீ. என்று இரண்டு லென்ஸ், அப்புறம் ஃபோன். போன வருடம் வேறொரு கப்பல் பயணத்தில் 2,000 படங்களுக்கு மேல் எடுத்தேன். மலைகள் வெளிறி, பனி சாம்பலாகி, பாதிப் படங்கள் சாய்ந்து கிடக்கின்றன. லைட்ரூம் மென்பொருளில் மூட்டத்தை நீக்கும் டீஹேஸ் ஸ்லைடரை இழுத்துப் பார்த்தேன். கார்ட்டூன் மாதிரி ஆகிவிட்டது. எந்த செட்டிங்கில் எடுப்பது, எப்படித் திருத்துவது?

பதில்: டீஹேஸை இழுத்தேன், கார்ட்டூன் ஆகிவிட்டது என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. வெளிறிய படங்களுக்கெல்லாம் ஒரே நோய் என்று நினைத்து ஒரே மருந்தைக் கொடுத்திருக்கிறீர்கள். அதில் குறைந்தது மூன்று நோய் உண்டு. ஒன்றைக் கணினியில் சரிசெய்யலாம், ஒன்றை ஓரளவு தேற்றலாம், மூன்றாவதை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எது எது என்று தெரிந்துவிட்டால் டெக்கில் நிற்கும்போது எதற்கு மெனக்கெட வேண்டும், எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது தானாகவே விளங்கிவிடும்.

போன வருடப் படம் ஒன்றைத் திறந்து 100 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். தூரத்து மலையின் விளிம்பைப் பாருங்கள். விளிம்பு கூர்மையாக இருந்து, நிறம் மட்டும் நீலச் சாம்பலாகத் தேய்ந்திருந்தால் அது காற்றில் இருக்கும் மூட்டம். இதுதான் திருத்தக்கூடியது. படத்தின் ஒரு மூலை மட்டும் பால் தெளித்ததுபோல இருந்தால் லென்ஸில் உப்புத் திவலையோ ஈரமோ படிந்திருக்கிறது, அல்லது ஜன்னல் கண்ணாடி வழியாக எடுத்திருக்கிறீர்கள். இதை ஓரளவு தேற்றலாம். பாறை விளிம்பும் மரங்களும் உருகிய மெழுகுபோல நெளிந்திருந்தால் அது கானல். அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். டீஹேஸ் அதைப் பளிச்சென்ற மெழுகாக்குமே தவிர மலையாக்காது.

குளிர்ப் பிரதேசத்தில் கானலா என்று கேட்பீர்கள். வெப்பமும் குளிருமான காற்று கலக்கிற இடமெல்லாம் கானல் உண்டு. கப்பலின் புகைபோக்கியிலிருந்து வரும் சூடான காற்று பின்பக்கமாகத்தான் போகும். பின் டெக்கில் நின்றுகொண்டு 400 மி.மீ. லென்ஸில் மலையைப் பார்த்தால் அந்தக் காற்றின் ஊடாகத்தான் பார்க்கிறீர்கள். பால்கனிக் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு எடுத்தாலும் இதே கதைதான், அறையின் வெதுவெதுப்பு வெளியே வழியும். கப்பலின் முன்பகுதிக்குப் போங்கள், முடிந்தால் கீழ்த்தளத்துக்கு இறங்குங்கள். எல்லாரும் உச்சித் தளத்துக்கு ஓடுவார்கள். அங்கிருந்து எடுத்தால் தண்ணீர் தட்டையாகவும் மலை குட்டையாகவும் தெரியும். தண்ணீருக்கு அருகில் நின்றால் மலை நிமிர்ந்து நிற்கும். காற்றும் குறைவாக அடிக்கும்.

லென்ஸ் ஈரத்துக்கு ஒரே ஒரு பழக்கம் போதும். குளிர்ந்த டெக்கிலிருந்து சூடான அறைக்குள் வரும்போதுதான் கேமராவில் பனித்திவலை படியும். அதனால் வெளியிலேயே பையில் போட்டு ஜிப்பை மூடிவிட்டு உள்ளே வாருங்கள், அரை மணி, முக்கால் மணி நேரம் திறக்காதீர்கள். மெமரி கார்டு வேண்டுமென்றால் மூடுவதற்கு முன்னமே எடுத்துவிடுங்கள். வெப்ப மண்டலக் கடலில் இது தலைகீழ்: ஏசி அறையிலிருந்து வெளியே போனதும் மங்கும். உப்புத் திவலையை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கோடு விழும். முதலில் ப்ளோயரால் ஊதிவிட்டு, நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள்.

ஜன்னல் வழியாகத்தான் எடுத்தாக வேண்டும் என்றால் லென்ஸின் முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல, நேராக வையுங்கள். பின்னால் இருக்கும் விளக்கை அணையுங்கள். கறுப்புச் சட்டை போட்டிருந்தால் இன்னும் நல்லது.

சரி, செட்டிங். இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. கப்பல் 20 நாட் வேகத்தில் போகிறதென்றால் மணிக்கு 37 கிலோமீட்டர். அதாவது நொடிக்குப் பத்து மீட்டர். அகலக் காட்சிக்கு 1/250 நொடி ஷட்டர் போதும், 400 மி.மீ.க்கு 1/1000க்குக் குறையாதீர்கள். அபெர்ச்சர், அதாவது லென்ஸ் திறப்பு, எஃப் 5.6 முதல் 8 வரை. ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு மேல் வரம்பாக 6400 கொடுங்கள். ஐஎஸ்ஓ ஏறுகிறதே என்று பயந்து ஷட்டரைக் குறைப்பவர்கள்தான் நிறையப் பேர். இன்றைய மென்பொருளில் புள்ளி இரைச்சல் ஒரு சொடுக்கில் போய்விடும், ஆட்டம் போகாது. இன்னொன்று, கைப்பிடிக் கம்பியில் முழங்கையை ஊன்றாதீர்கள். எஞ்சினின் அதிர்வு கம்பி வழியாக நேரே கைக்கு வரும். நான் முதல் பயணத்தில் ஒரு மாலை முழுக்க ரொம்ப நிதானமாகக் கம்பியில் சாய்ந்து எடுத்து, ஒன்றுகூடத் தேறாமல் திரும்பியிருக்கிறேன். ட்ரைபாடும் அதே அதிர்வைத்தான் வாங்கும், சுமக்க வேண்டாம். கால்களைச் சற்று அகட்டி, முழங்கால்களைத் தளர்த்தி நின்றால் உங்கள் உடம்பே நல்ல தாங்கி.

பனி சாம்பலாவது கேமராவின் தவறு இல்லை. அது எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் அளவு வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். சட்டகம் முழுக்க வெள்ளையாக இருந்தால் அதையும் இருட்டாக்கிவிடும். அப்போது படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் +0.7 அல்லது +1 கொடுங்கள். ஆனால் இதையே எல்லாவற்றுக்கும் செய்துவிடாதீர்கள். கருத்த காட்டுச் சரிவின் நடுவே சின்னதாக ஒரு பனிப்பட்டை இருந்தால் கேமரா இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், பனி வெந்து விவரமே இல்லாத வெள்ளையாகிவிடும். அங்கே மைனஸ் வேண்டும். இருட்டை இடதிலும் வெளிச்சத்தை வலதிலும் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரம் சுவரில் முட்டாமல், சுவரை ஒட்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) கோப்பாக எடுங்கள். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான் உண்டு. 14 பிட் ராவில் 16,384. பனியின் நுண்ணிய வெள்ளைகளைப் பிரித்துக் காட்ட இந்தப் படிகள் வேண்டும்.

நிறச் சமநிலையைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் டேலைட்டில் நிறுத்துங்கள். பனியாற்றின் நீலம் நிஜமான நீலம். பல காலம் அமுங்கி இறுகியதால் காற்றுக் குமிழிகள் குறைந்த அந்தப் பனி, ஒளியிலுள்ள சிவப்பை விழுங்கி நீலத்தை வெளியே விடுகிறது. ஆட்டோ சில சமயம் இதை நிறப்பிழை என்று எண்ணி அழித்துவிடும். மேகமூட்டமான நாளில் இந்த நீலம் இன்னும் நன்றாகத் தெரியும். அலாஸ்காவின் அந்தத் தென்கிழக்குப் பகுதி மழைக்காடு, மேகம் இல்லாத நாள்தான் அதிசயம். வெயில் இல்லையே என்று வருந்த வேண்டாம்.

கிளேசியர் பே நாளுக்கு வருவோம். அங்கே ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி, துறைமுகம் கிடையாது, முழு நாளும் கப்பலிலிருந்தேதான் பார்ப்பீர்கள். தேசியப் பூங்கா என்பதால் ட்ரோன் கூடாது. மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நின்று மெல்லத் திரும்பி இரு பக்கத்தாருக்கும் காட்டும், ஆகவே முந்தியடிக்க அவசியம் இல்லை. அதன் முகப்பு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் அகலம், நீர்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 75 மீட்டர் உயரம். அருகில் நிற்கும்போது 24 மி.மீ.யிலும் முழுதாக அடங்காது. கப்பல் நின்றிருக்கும் அந்த நேரம்தான் பல படங்களைத் தைத்து ஒரே அகலப் படமாக்கும் பனோரமாவுக்கு ஏற்றது: கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, மேனுவல் எக்ஸ்போஷரில், மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வரிசையாக எடுத்துவிடுங்கள். ஓடும் கப்பலில் அருகில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் வெவ்வேறு வேகத்தில் நகரும், தையல் ஒட்டாது.

பனி உடைந்து விழுவதைப் பிடிக்க ஆசைப்படுவீர்கள். சத்தம் கேட்டுக் கேமராவைத் தூக்கினால் தெறித்த தண்ணீர்தான் கிடைக்கும். கப்பல் அரை கிலோமீட்டர் தள்ளி நின்றால் சத்தம் வந்து சேரவே ஒன்றரை நொடி ஆகும். சின்னச் சின்னத் துண்டுகள் உதிர்ந்துகொண்டே இருக்கிற இடத்தைத் தேர்ந்து, அதன்மேல் ஃபோகஸை நிறுத்தி, 200 மி.மீ. வாக்கில் லென்ஸை வைத்துக் காத்திருங்கள். உங்கள் கேமராவில் ப்ரீ கேப்சர் வசதி இருந்தால் அதற்கென்றே செய்ததுபோல இருக்கும். பட்டனை முழுதாக அழுத்துவதற்கு முந்தைய கணங்களையும் அது சேர்த்து வைக்கும். பத்து நிமிடத்துக்கு மேல் கண்ணைக் கேமராவிலேயே வைத்திருக்காதீர்கள். இது ஆலோசனை இல்லை, வேண்டுகோள்.

பனிச்சுவர் மட்டும் இருக்கும் படத்தில் அது 75 மீட்டரா, 7 மீட்டரா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. கடற்பறவைக் கூட்டமோ, எதிரே வரும் சிறு படகோ, கம்பியோரம் நிற்கும் உங்கள் மனைவியின் முதுகோ உள்ளே வரட்டும்.

திமிங்கிலத்துக்கு 1/1600 ஷட்டர், படங்களைத் தொடராகச் சுடும் பர்ஸ்ட், தொடர் ஃபோகஸ். ஹம்ப்பேக் திமிங்கிலம் பல முறை மூச்சு விட்டபின் முதுகை ஆழமாக வளைத்தால் அடுத்து வால் மேலே வரும். அந்த வளைவைக் கண்டதும் அழுத்தத் தொடங்குங்கள். பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் கொண்டுபோகலாம், சூரியனுக்குப் பக்கவாட்டில் பார்க்கும்போது மட்டும் பயன். ஒன்றரை, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) வெளிச்சத்தைத் தின்றுவிடும், நீரில் தெரியும் மலையின் பிம்பத்தையும் அழித்துவிடும். பெரும்பாலும் பையிலேயே கிடக்கட்டும்.

கிளம்பும் முன் கேமராவின் கடிகாரத்தை ஃபோனோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். அலாஸ்கா நேரம் வான்கூவர், சியாட்டில் நேரத்துக்கு ஒரு மணி பின்னால். ஃபோன் மாறிக்கொள்ளும், கேமரா மாறாது, அதை நீங்கள்தான் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து இரண்டையும் வரிசைப்படுத்தும்போது மனைவி எடுத்த திமிங்கிலம் ஒரு மணி நேரம் முன்னால் நீந்தும். படங்களைத் தினமும் இரவு வேறொரு வட்டில் நகலெடுங்கள். கார்டை அழிக்காதீர்கள்.

இனித் திருத்தம். முதல் வேலை ஸ்லைடர் இல்லை, கழித்தல். ஒரே காட்சியில் பதினைந்து படம் இருந்தால் 100 சதவீதத்தில் விளிம்பைப் பார்த்து ஒன்றை வையுங்கள். 2,000 படங்களில் 80 மிஞ்சினால் நல்ல பயணம்.

அடுத்து சாய்வு. இங்கேதான் பலர் தவறுவார்கள். திறந்த கடலில் அடிவானம் நேர்கோடு, அதை வைத்து நிமிர்த்தலாம். குடாவுக்குள் அடிவானம் தெரியாது, தெரிவது கரை. உங்களைவிட்டு விலகிப் போகும் கரை படத்தில் சாய்வாகத்தான் விழும்; அதை நேராக்கினால் அருவியும் மரங்களும் சாய்ந்துவிடும். மலைக்கும் தண்ணீரில் உள்ள அதன் பிம்பத்துக்கும் இடையே கற்பனையாக ஒரு கோடு போடுங்கள். உச்சியும் அதன் பிம்பமும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருந்தால் படம் நேராக இருக்கிறது. பிம்பம் இல்லாவிட்டால் நிமிர்ந்த மரங்களைப் பாருங்கள்.

பிறகு ஒயிட் பேலன்ஸ், அதன்பின் எக்ஸ்போஷர். வெளிச்சப் பகுதிகளுக்கான ஹைலைட்ஸைக் குறைத்துப் பனியின் வரிகளை வெளியே கொண்டுவாருங்கள், ஒயிட்ஸை வெள்ளை வெள்ளையாகத் தெரியும் அளவுக்கு ஏற்றுங்கள், பிளாக்ஸைச் சற்று இறக்குங்கள். மூட்டமான படங்களில் பாதி இதிலேயே தெளிந்துவிடும். டீஹேஸுக்கு இன்னும் கை வைக்கவில்லை, கவனியுங்கள்.

மூட்டம் படம் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. தொலைவு கூடக் கூட அடர்த்தியாகும். ஆனால் டீஹேஸை மொத்தப் படத்துக்கும் கொடுத்தால் தெளிவாக இருந்த முன்பகுதியும் கறுத்து, நிறம் பிதுங்கும். கார்ட்டூன் அங்கிருந்துதான் வந்தது. தூரத்து மலைக்கு மட்டும் மாஸ்க் போட்டு (திருத்தம் அந்தப் பகுதிக்கு மட்டும் படும்படி தேர்ந்தெடுத்து), அதில் டீஹேஸ் 15 முதல் 25, நிற வெப்பநிலையைக் கொஞ்சம் மஞ்சள் பக்கம், போதும். முழுக்கத் துடைத்துவிடாதீர்கள், ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிப் போகும் மலை அடுக்குகள்தான் தொலைவைச் சொல்கின்றன. மலை விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால் அளவு மீறிவிட்டது, பாதியாகக் குறையுங்கள்.

ஃபோன் படங்களுக்கு ஸ்னாப்சீட் செயலியில் இதே வரிசை செல்லும். வேறு சில செயலிகளில் இருக்கும், வானத்தை மாற்றும் வசதியை மட்டும் தொடாதீர்கள். மேகமூட்ட வெளிச்சம் விழுந்த பனிமேல் அந்தி வானத்தை ஒட்டினால் தண்ணீர் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

கப்பல் அறையின் இருட்டில் மடிக்கணினியின் வெளிச்சம் கண்ணைக் கூசும், நாமும் படத்தை இருட்டாக்கிவிடுவோம். நைட் மோடை அணைத்துவிட்டு, திரை வெளிச்சத்தைப் பாதிக்கு வைத்துத் திருத்துங்கள். இறுதி முடிவை வீட்டில் பகலில் எடுங்கள். பகிர்வதற்கு, திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறவெளியில், நீளப் பக்கம் 2048 பிக்சல் வைத்து ஏற்றுமதி செய்யலாம். அச்சுக்கு முழு அளவு வேண்டும்: 6000 பிக்சல் அகலப் படம் 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், 20 அங்குலம் வரை தாங்கும்.

ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றால் போன வருடப் படங்களை எடுத்து உட்காருங்கள். கானல் விழுந்தவற்றை ஒதுக்கிவிட்டு, மூட்டம் மட்டும் உள்ள இருபது படங்களை இந்த வரிசையில் திருத்திப் பாருங்கள். அவை ராவாக இருந்தால் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகம் தேறும். ஒவ்வொன்றிலும் எந்த டெக்கில், எந்தப் பக்கம் நின்று எடுத்தீர்கள் என்றும் நினைவுபடுத்திப் பாருங்கள். கானல் படங்கள் எல்லாம் பின் டெக்கிலிருந்தே வந்திருந்தால் எனக்கு வியப்பாக இருக்காது.