வைரஸ் தன்னோட ஆர்.என்.ஏ.வ எப்படி கண்டுபிடிக்குது? (கடிதம்)

வணக்கம் அண்ணா, நான் பட்டர்வொர்த்ல ஆறாம் படிவம் படிக்கிறேன். எச்.ஐ.வி. பத்தி நீங்க எழுதுனத படிச்சேன். ஒரு செல்லுக்குள்ள எவ்வளவோ ஆர்.என்.ஏ. கெடக்குது, அதுல வைரஸ் தன்னோட கூட்டுக்குள்ள ஏத்த வேண்டிய ரெண்டு ஆர்.என்.ஏ.வ மட்டும் எப்படி பொறுக்கி எடுக்குது? டீச்சர் ‘சை சிக்னல் இருக்கு’ன்னு சொல்லிட்டு அடுத்த பாடத்துக்கு போயிட்டாங்க.

வணக்கம்மா,

டீச்சர் சொன்னது சரிதான், ஆனா பாதிதான். சை சிக்னல்னா ஏதோ முத்திரை குத்தி வச்ச மாதிரி புக்குல படம் போடுறாங்க பாருங்க, எனக்கு அதுலதான் எரிச்சல். எச்.ஐ.வி. ஆர்.என்.ஏ. 9,000 எழுத்துக்கு மேல, அதுல ஆரம்பத்துல இருக்கற சுமார் 350 எழுத்துல இருந்து புரோட்டீன் வராது, ஆனா வைரஸ் ரொம்ப மாத்தாம வச்சிருக்கறதும் அந்த இடத்தத்தான். அந்த எழுத்துங்க தங்களுக்குள்ளயே ஜோடி சேந்து கொண்டை ஊசி வளைவா மடியுது, ‘என்னை கூட்டுக்குள்ள ஏத்து’ன்னு சொல்ற சை சிக்னல் இந்த மடிப்புலதான் இருக்கு. வைரஸ் கூடு கட்டுற காக் புரோட்டீனுக்கு ரெண்டு ஜிங்க் விரல் (ஜிங்க் அணுவ புடிச்சுக்கிட்டு மடிஞ்ச சின்ன பகுதி) உண்டு, அதுங்க ஆர்.என்.ஏ.வோட நாலு வகை எழுத்துல ஜோடி சேராம நிக்கிற ஜி எழுத்தத்தான் விரும்பி புடிக்கும். செந்தூல் பக்கம் காலைல நாசி லெமாக் விக்கிற அக்கா முட்டை வச்சதா வெறும் சம்பலான்னு பொட்டலத்த மடிச்ச விதத்த பாத்தே எடுத்து குடுப்பாங்கல்ல, பிரிச்சு பாக்கறதில்லையே, அந்த கதைதான்.

இதுல அசர வைக்கிற விஷயம் என்னன்னா, ஒரே வைரஸ் ஜீன்ல இருந்து படி எடுக்கறப்ப ஆரம்ப இடம் ஒண்ணு ரெண்டு எழுத்து முன்னபின்ன நகந்துரும், அதனால சில ஆர்.என்.ஏ. மூணு ஜி-யோட ஆரம்பிக்கும், சிலது ஒரே ஒரு ஜி-யோட. மூணு ஜி உள்ளதுல முனையில இருக்கற கேப் (தொப்பி மாதிரி ஒரு மூடி) வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், புரோட்டீன் செய்ற ரைபோசோம் வேலைக்கு வந்து காக் தயாராகும். ஒரு ஜி உள்ளது வேற மாதிரி மடிஞ்சு அந்த கேப்ப உள்ள ஒளிச்சு வச்சுக்கும், ஜோடி சேர்ற வளைவும் காக் புடிக்கிற இடமும் வெளிய வந்துரும், ரெண்டு ஆர்.என்.ஏ. பிணைஞ்சு கூட்டுக்குள்ள ஏறிரும். மேரிலாந்துல மைக்கேல் சம்மர்ஸ் குழு என்.எம்.ஆர்.ங்கற, காந்தப்புலத்தால மூலக்கூறு வடிவத்த பாக்கற முறைய வச்சு 2020-ல காட்டுனது இது. ரெண்டே ரெண்டு எழுத்து வித்தியாசத்துல ஒண்ணு சமையலுக்கு, ஒண்ணு பார்சலுக்கு!

ஸ்ப்ளைஸ் ஆன, அதாவது நடுவுல ஒரு துண்ட வெட்டி எடுத்து ஒட்டுன ஆர்.என்.ஏ. ஏன் அவ்வளவா ஏறாதுன்னா, வெட்டுற இடம் சை நடுவுலயே இருக்கு, பாதி வளைவு போயிரும். தன்னோட ஆர்.என்.ஏ. கெடைக்கலன்னா காக் சும்மா இருக்காது, செல்லோட ஆர்.என்.ஏ.வ போட்டாவது கூடு கட்டிரும், ஆனா அந்த கூட்டால ஒரு பிரயோஜனமும் இல்ல.

ஜீன் சிகிச்சை பண்றவங்க இதத்தான் புடிச்சுக்கிட்டாங்க, சை-ய மருந்து ஜீன் இருக்கற ஆர்.என்.ஏ.ல மட்டும் வச்சிட்டு காக் செய்ற துண்டுல இருந்து எடுத்துர்றாங்க, அப்ப கூட்டுக்குள்ள மருந்து ஜீன்தான் ஏறும். 2017-ல அமெரிக்காவுல ரத்தப்புற்றுநோய்க்கு அனுமதி கெடைச்ச கிம்ரியா இந்த மாதிரி லென்டிவைரஸ் (எச்.ஐ.வி. சேந்த வைரஸ் வகை) வச்சு செய்றதுதான்.