பற்சக்கரத்தின் பல் நுனி ஏன் நீலமாகிறது?

கேள்வி: 0.1 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் ஃபைபர் லேசரால் சின்னஞ்சிறு பற்சக்கரங்கள் வெட்டுகிறோம். ஓரத்தில் பிசிறு நிற்கிறது, பல் நுனி நீலமாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: இரண்டுக்கும் காரணம் தேங்கும் சூடுதான். லேசரின் நானோ விநாடித் துடிப்பு, அதாவது விநாடியில் மிக மிகச் சிறு பங்கே நீடிக்கும் ஒளித்துடிப்பு, உலோகத்தை ஆவியாக்குவதோடு கொஞ்சம் உருக்கவும் செய்கிறது. அந்த உருகல் அடிவிளிம்பில் வழிந்து உறைவதே பிசிறு. பல் நுனியில் சூடு பரவ இடமில்லை. அங்கேதான் முதலில் நிறம் மாறும்.

ஒரே ஓட்டத்தில் அறுக்காதீர்கள். ஆற்றலைக் குறைத்து, வேகத்தைக் கூட்டி, அதே கோட்டில் பலமுறை ஓட்டுங்கள், நடுவே ஆறவிடுங்கள். காற்றுக்குப் பதில் நைட்ரஜன் ஊதினால் நீலம் வெகுவாகக் குறையும். நடுத்துளை முதலில், வெளிவிளிம்பு கடைசியில். மாற்றிச் செய்தால் துண்டு விடுபட்டு நகர்ந்து, துளை மையம் தவறும்.

பலர் மறப்பது வெட்டு அகலத்தை, அதாவது லேசர் அரித்தெடுக்கும் கோட்டின் அகலத்தை. அது 0.03 மி.மீ. என்றால், வெளிவிளிம்புக் கோட்டை 0.015 மி.மீ. வெளியேயும் துளைக்கோட்டை அதே அளவு உள்ளேயும் தள்ளுங்கள்.

மிஞ்சும் நுண்பிசிறு எலெக்ட்ரோபாலிஷில் (மின்சாரத்தால் மேற்பரப்பைக் கரைத்து மெருகேற்றுவதில்) போகும். அதில் சில மைக்ரான் தேயும், அதை வரைபட அளவில் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் புகையில் குரோமியமும் நிக்கலும் உண்டு. புகை உறிஞ்சி ஓடாமல் வெட்டவே வேண்டாம்.