ஷட்டில் கோர்ட்டுக்கு 30 மடங்கு ஜூம் வேண்டாம்

வணக்கங்க. உள்ளரங்கத்துல மகள் ஷட்டில் ஆடும்போது கையும் மட்டையும் இழுபட்டுத் தெரியுது, 30 மடங்கு ஜூம் உள்ள சின்ன கேமரா வாங்கலாமான்னு கேட்டிருந்தீங்க. வேண்டாங்க. அந்த வகைல, வெளிச்சத்தைப் படமா மாத்துற சென்சார் சுண்டுவிரல் நகம் அளவுதான். ஜூம் நீள நீள லென்ஸ் வாயும் சுருங்கும். அந்த வாயைத்தான் எஃப் எண்ணால சொல்வாங்க, எண் கூடினா வாய் சின்னது. எஃப் 1.8-ல வர்ற வெளிச்சத்துல ஆறில் ஒரு பங்குகூட எஃப் 4.5-ல வராது.

என் ஓட்டு சோனி ஆர்எக்ஸ்100 ஐந்தாம் மாடலுக்கு. ஒரு இஞ்ச் சென்சார், எஃப் 1.8-2.8 லென்ஸ், ஓடுற ஆளை விடாம பிடிக்கிற ஃபோகஸ். 2016-ல வந்தது, பழசா தேடிப் பாருங்க. ஜூம் 70 மி.மீ. வரைதான், அதாவது சுமார் மூணு மடங்கு, கோர்ட் ஓரத்துல உட்கார்ந்தா போதும். கேலரியில இருந்துன்னா பத்தாது.

ஷட்டர் வேகத்தை 1/500 நொடியில நிறுத்தி, படத்தைப் பிரகாசமாக்குற ஐஎஸ்ஓவை 3200 வரை ஆட்டோவுல விடுங்க. புள்ளி புள்ளியா வரும்தான், ஆனா முகம் தெரியும். ஸ்மாஷைவிட சர்வீஸ் போடுறதுக்கு முன்னாடி அவ நிக்கிற அந்த நொடியை எடுத்துப் பாருங்க. என் பையன் படத்துல உருப்படியா வந்ததெல்லாம் அதுதான். ஃபிளாஷ் மட்டும் போட்டுடாதீங்க, எதிர்ல ஆடுற பிள்ளைக்குக் கண்ணு கூசும்.