ஸ்காட்லாந்து ராணுவ பைப் பேண்டு என்ன வாசித்தாலும் ஒரே பாட்டு மாதிரி கேட்கிறதே, அதில் ரசிக்க என்ன இருக்கிறது?

எடின்பரோ கோட்டை வாசலில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் டாட்டூ என்கிற ராணுவ இசை நிகழ்ச்சியை யூடியூபில் பத்து நிமிஷம் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பில்லை. என் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இதையே கேட்டாயிற்று, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் எடின்பரோவில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். பைப் பேண்டை நடத்துகிறவரைப் பைப் மேஜர் என்பார்கள்; ஓய்வு பெற்ற ராணுவ பைப் மேஜர் ஒருவரிடம் நாலு வருஷமாக பேக்பைப் படிக்கிறேன், காற்றுப் பையைக் கையால் அமுக்கி வாசிக்கும் குழல் வாத்தியம் அது. நிபுணன் என்று சொல்லவில்லை, கற்றுக்கொள்பவன்தான். முதல் எட்டு மாதம் பையைத் தொடவே விடவில்லை, பிராக்டிஸ் சாண்டர் என்கிற சின்னக் குழல் மட்டும்தான். முதல் நாள் ஒரே ஸ்வரத்தை நாலு தடவை வாசி என்றார். நான் நாக்கால் நிறுத்தி நிறுத்தி ஊதினேன். உடனே தடுத்துவிட்டார். பைப்பில் நாக்குக்கு வேலையே கிடையாது. நாதஸ்வரத்தில் சீவாளி உதட்டில் இருக்கிறது, உதட்டாலேயே குழையலாம், அடக்கலாம். இதில் ரீட், அதாவது இதன் சீவாளி, குழலுக்குள் இருக்கிறது, காற்று பையிலிருந்து வருகிறது, கை அமுக்குகிற வரை சத்தம் நிற்காது. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அப்போது ஒரே ஸ்வரம் அடுத்தடுத்து வந்தால் எப்படிப் பிரிப்பது? நடுவில் வேறொரு விரல் கண் இமைக்கிற நேரத்தில் எழுந்து அமர வேண்டும். அதுதான் கிரேஸ் நோட். மெட்டின் அழுத்தம், நடை, எடுப்பு எல்லாம் அந்த விரல் தட்டில்தான் இருக்கிறது. அது காதில் விழாதவரை எல்லாம் ஒரே பாட்டுதான். எனக்கே ஒரு வருஷம் பிடித்தது.

மொத்தம் ஒன்பதே ஸ்வரம், ஹரிகாம்போதிக்கு ரொம்பப் பக்கம். தோளில் நிற்கும் டிரோன் என்கிற மூன்று நீளக் குழல்கள் நம் ஒத்து மாதிரி சுருதி பிடிக்கும். பதினைந்து பேர் நின்றால் நாற்பத்தைந்து டிரோன். பைப் மேஜர் ஒவ்வொருவர் தோளருகிலும் காதைக் கொடுத்து, டிரோனை மயிரிழை ஏற்றி இறக்கி, மெட்டு வாசிக்கும் குழலான சாண்டரின் துளை மேல் விளிம்பில் கறுப்பு டேப்பைக் கொஞ்சம் இறக்கி ஒட்டிக்கொண்டே போவார். குளிரில் சுருதி இறங்கிவிடும், வாசித்துச் சூடேறினால் ஏறிவிடும், மறுபடியும் முதலிலிருந்து. கடைசியில் நாற்பத்தைந்தும் ஒரே ஒலியாகச் சேரும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், நெஞ்சுக்குள் அதிரும். யூடியூபில் அது வராது.

வீட்டில் பழகுவதும் லேசில்லை. பிராக்டிஸ் சாண்டர் பேச்சுச் சத்தத்துக்கு மேல் போகாது, அக்கம்பக்கத்தில் ஒருவரும் குறை சொன்னதில்லை, ஆனாலும் வீட்டு ஏஜென்சியிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சரி, விடுங்கள்.

'நம்மைச் சுட்டவன் வாத்தியத்துக்கு வக்காலத்தா' என்று கீழே யாராவது எழுதுவீர்கள், தெரியும். எனக்குப் பரங்கிப்பேட்டை. 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலி படையும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் படையும் மோதியது அங்கேதான். 73வது ஹைலாண்டர் என்ற ஸ்காட்லாந்துப் படையின் பைப்பர் ஒருவர் குண்டு மழைக்கு நடுவில் விடாமல் வாசித்ததைப் பார்த்து, உனக்கு வெள்ளியில் பைப் செய்து தருகிறேன் என்று கூட் சொன்னதாக அந்தப் படையின் வரலாற்றில் இருக்கிறது. என் ஆசிரியர்தான் இதைச் சொன்னார், என் ஊர் எது என்று தெரியாமலே. அந்தச் சண்டையை நான் கொண்டாடவில்லை, கொண்டாடவும் மாட்டேன். ஆனால் இரண்டு கையும் வாத்தியத்தில் இருக்க, ஆயுதம் எடுக்க வழியில்லாமல் அங்கே நின்ற ஒரு மனிதனை என்னால் வெறுக்க முடியவில்லை.

ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள். 2022 செப்டம்பர் 19, எலிசபெத் ராணியின் இறுதிச் சடங்கு, வெஸ்ட்மின்ஸ்டர் அபே. கடைசியில் தனியாக ஒரு பைப்பர் வாசிப்பார். சத்தத்தைக் குறைக்க முடியாத வாத்தியம் இல்லையா, அதனால் வாசித்துக்கொண்டே திரும்பி நடப்பார். அவர் தள்ளிப் போகப் போகத்தான் ஒலி தேயும். அன்று அம்மா ஊரிலிருந்து ஃபோனில் இருந்தார். கடைசி இழை அடங்கும்வரை பேசவில்லை, அப்புறம் "எங்கடா போயிட்டான் அந்தப் பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.